போர்கோ வெக்கியோவில் ஒரு சுரைக்கொடி

பலெர்மோவுக்கு வருகிற உறவினர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டு இடங்களைத்தான். ஒன்று, பெல்லெக்ரீனோ மலையில் உள்ள புனித ரொசாலியாவின் குகைக்கோயில். எம்மவர்கள் சைவம், கத்தோலிக்கம் என்று பாராமல் நேர்த்தி வைத்து அந்த மலைக்கு ஏறுவது இங்குள்ள இத்தாலியர்களுக்கும் நன்றாகத் தெரிந்த விடயம். மற்றது கடல். இரண்டையும் காட்டி முடித்தபின், "நீங்கள் இருக்கிற பக்கத்தையும் ஒருக்கால் பார்ப்பமே" என்று அவர்கள் கேட்கும்போதுதான் நாங்கள் சற்றுத் தயங்குவோம். நாங்கள் இருப்பது போர்கோ வெக்கியோவில்.

பழைய குடியிருப்பு என்பது அந்தப் பெயரின் கருத்து. 1874இல் திறக்கப்பட்ட பொலித்தேயாமா அரங்கின் முன்னால் நின்று, விலை உயர்ந்த உடுப்புக் கடைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடல் பக்கமாக ஐந்து நிமிடம் நடந்தால் போதும். கண்ணாடிக் கடைகள் முடிந்து, பல்கணிக்குப் பல்கணி கயிறு கட்டி உடுப்புக் காயவிட்ட ஒழுங்கைகள் தொடங்கிவிடும். ஒரு பக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். இன்னொரு பக்கம் உச்சியார்தோனே சிறைச்சாலையின் பெரிய மதில். 1986இல் மாபியாக்காரர் நூற்றுக்கணக்கானோரை ஒரேயடியாக விசாரித்த அந்தப் பெரிய வழக்கு, இந்தச் சிறையோடு சேர்த்துக் கட்டிய குண்டு துளைக்காத மண்டபத்தில்தான் நடந்தது. அதனால் போர்கோ என்றதும் வெளியாட்களுக்கு நினைவில் வருவது அந்த மதில்தான். வாடகைக் கார்ச் சாரதிகள்கூட, கைப்பையைக் கவனமாகப் பிடியுங்கள் என்பார்கள். இந்தப் பத்து வருடத்தில் எங்களிடம் களவு போனது ஒரு சைக்கிள் மட்டும். அதுவும் நாங்கள் பூட்டாமல் விட்டது.

நாங்கள் 2014இல் வந்தோம். அப்போது மகனுக்கு மூன்று வயது. நாங்கள் இருவரும் சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டிய வயதில் வன்னிக்குள் இடம்பெயர்ந்து திரிந்தவர்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூட வாங்கில் இருந்ததில்லை. இப்போது பலெர்மோவுக்குக் கிழக்கே கடற்கரையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை. நெத்தலியை உப்பிட்டு, மாதக்கணக்கில் வைத்து, பிறகு முள் எடுத்து எண்ணெயோடு போத்தலில் அடைப்பது. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் கையில் உப்பு மணம் போகாது. வீடு என்பது நிலமட்டத்தில் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். கதவைத் திறந்தால் நேரே தெரு. முற்றம் என்று சொல்ல ஒரு சாண் மண் கிடையாது. கறிவேப்பிலை ஒரு தகர வாளியில் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் நிற்பதுதான் எங்களுடைய முழுத் தோட்டமும், ஒரு மிளகாய்க் கன்று.

மண் இல்லாத ஊர் இல்லை இது. பலெர்மோவைச் சுற்றியிருந்த சமவெளிக்குப் பொற்கிண்ணம் என்று பெயர். முழுவதும் எலுமிச்சை, தோடைத் தோப்பு. சிசிலிக்காரர் தோடந்தோப்பைத் தோட்டம் என்ற சொல்லாலேயே அழைப்பார்கள். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு கிழவர் சிறுவயதில் அந்தத் தோப்புகளில் தண்ணீர் கட்டியவர். வாய்க்காலைச் சாயா என்றும், தண்ணீர்த் தொட்டியை ஜெபியா என்றும் சொல்வார். இரண்டும் அரபுச் சொற்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் இங்கு ஆண்ட அரபுக்காரர் விட்டுச்சென்ற நீர்ப்பாசனம். துலா, வாய்க்கால், பாத்தி மாறிக் கட்டுவது எல்லாவற்றையும் நாங்கள் கையால் காட்டி விளங்கப்படுத்தியபோது அவர் எழும்பி எங்களைக் கட்டிப் பிடித்துவிட்டார். அந்தத் தோப்புகளை 1950களிலும் 60களிலும் சீமெந்து விழுங்கிவிட்டது. கட்டடக்காரரும் அரசியல்வாதிகளும் மாபியாவும் சேர்ந்து செய்த அந்த வேலைக்குப் பலெர்மோவின் கொள்ளை என்றே சரித்திரத்தில் பெயர். எங்கள் வீட்டுக்கு நடை தூரத்தில் வில்லா தெலியெல்லா என்ற அழகான மாளிகை தோட்டத்தோடு இருந்ததாம். 1959 நவம்பரில் அதை இடித்தார்கள். பிறகு பல பத்தாண்டுகள் அந்த நிலத்தில் கார்கள்தான் நின்றன.

இனிச் சந்தைக்கு வருவோம். போர்கோவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. காலையில் மீன், பின்னேரம் மரக்கறி, இரவில் கரியடுப்பில் ஆட்டுக்குடல் சுடுகிற புகை. நாங்கள் வந்த முதல் ஆடியில் ஒரு கடையில் ஒரு மீற்றர் நீளத்தில் பச்சையாக ஒன்று தொங்கியது. புடலங்காய் என்று ஆசையோடு வாங்கி வந்து வெட்டிப் பார்த்தால் சுரை. குகூற்சா என்று இங்கு சொல்வார்கள். எங்கள் சுரையும் இதுவும் ஒரே இனம், உருவம்தான் வேறு. அதைவிட ஆச்சரியம், அதன் கொழுந்தையும் இளம் இலையையும் கட்டுக் கட்டாக விற்பது. தெனெரூமி என்று பெயர். உள்ளியும் தக்காளியும் போட்டு அவித்து, ஸ்பகெட்டியைச் சின்னச் சின்னதாக ஒடித்துப் போட்டு, கோடை வெயிலில் சுடச்சுடக் குடிப்பார்கள். ஊரில் சுரைக் கொழுந்தைச் சமைத்தோமா, ஆட்டுக்குப் போட்டோமா என்பதில் எங்கள் இருவருக்குள்ளும் இன்னும் வழக்குத் தீரவில்லை. இங்கு நாங்கள் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்கிறோம். மேல்மாடி நொன்னாவுக்கும் ஒரு கோப்பை போகும். நொன்னா என்றால் பாட்டி. தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இந்தச் சுரைதான் எங்களைத் தோட்டத்துக்குள் இழுத்தது.

2022 இலையுதிர் காலத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் வெறும் முற்றத்தை ஒரு அமைப்பினர் துப்புரவாக்கினார்கள். இளையோர் தோட்டம் என்று பலகை போட்டார்கள். பலகையின் கீழ்ப்பாதி முழுவதும் காசு தந்தவர்களின் சின்னங்கள். பழைய நகரத்து மண்ணில் இடிபாடும் ஈயமும் கிடக்கும் என்பதால் நிலத்தில் நடாமல், 6 பெரிய மரப்பெட்டிகள் செய்து, மண் மூட்டை வாங்கி நிரப்பினார்கள். அது சரியான வேலை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் தோட்டம் செய்ய நினைக்கிற எவரும் அப்படித்தான் செய்ய வேண்டும். 11 வயது முதல் 15 வயது வரையான பிள்ளைகள் கிழமையில் இரண்டு பின்னேரம் வரலாம். ஒரு இளம் பெண் விவசாயம் படித்தவர், சொல்லிக் கொடுக்க வந்தார். எங்கள் மகனும் போனான். எதிர்வீட்டுப் பெடியனும் போனான்.

அந்தப் பெடியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவனுக்கு 13 வயது. கிழமையில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போனால் அதிசயம். பள்ளிக்கூடத்தை விட்டு விலகுகிற பிள்ளைகள் இத்தாலியில் அதிகமாக உள்ள பகுதிகளில் சிசிலியும் ஒன்று. அதற்குள் போர்கோ போன்ற இடங்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் தோட்டத்துக்கு மட்டும் அவன் நேரத்துக்கு வருவான். எங்கள் மகனுக்குச் சிசிலிப் பேச்சு படிப்பித்தவன் அவன்தான். பதிலுக்கு மகன் அவனுக்குத் "தண்ணி கட்டு" என்று சொல்லப் பழக்கினான். பெட்டித் தோட்டத்தில் கட்டுவதற்கு ஏது வாய்க்கால், குழாய்தான். ஆனாலும் குழாயைத் தூக்கியபடி அவன் "தண்ணி கட்டு, தண்ணி கட்டு" என்று கத்துகிற சத்தம் எங்கள் சமையல் மூலை வரைக்கும் கேட்கும்.

நொன்னா தன் தாயின் ஊரில் இருந்து வந்த சுரை விதையை ஒரு பழைய கோப்பிப் பேணியில் இருந்து எடுத்துக் கொடுத்தார். நாங்கள் பயற்றை விதையும் பாகல் விதையும் கொடுத்தோம். பயற்றை நன்றாக வந்தது. பாகற்காயை ஒரு பிள்ளை பச்சையாகக் கடித்துப் பார்த்து அழுததோடு அதன் கதை முடிந்தது. மூலைப் பெட்டியில் நட்ட சுரை கம்பியில் ஏறி, மதிலைத் தொட்டு, நொன்னாவின் பல்கணிப் பக்கமாகத் தலையை நீட்டியது.

அங்கே ஒரு பெரிய பூமரமும் சாடியில் நின்றது. பொமேலியா என்பார்கள். பலெர்மோக்காரருக்கு அது தங்கள் நகரத்துப் பூ. குளிர்காலத்தில் அதன் கொப்பு நுனிகளில் முட்டைக் கோதைத் தொப்பி போலக் கவிழ்த்து வைப்பார்கள், குருத்துப் பட்டுப் போகாமல் இருக்க. முதன்முதலில் அதைப் பார்த்தபோது ஏதோ கண்ணூறு கழிக்கிற சடங்கு என்றே நினைத்தோம். பிறகு பூத்தபோது பார்த்தால் கோயில் வீதியில் நின்ற அதே பூ. தமிழில் அதற்கு ஈழத்தலரி என்று ஒரு பெயர் உண்டு. உண்மையில் அது அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்த மரம். அவர்களும் தங்களுடையது என்கிறார்கள், நாங்களும் எங்களுடையது என்கிறோம், அது இரண்டு பேருக்கும் பூத்துக்கொண்டு நிற்கிறது.

தோட்டத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று அந்த நாட்களில் நாங்கள் யோசிக்கவே இல்லை. மாநகரசபை தந்திருக்கும் என்று நினைத்தோம். ஆனால் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பெயரும் அந்தப் பலகையில் ஒரு மூலையில் இருந்தது. கேட்டபோது தலைவர் அண்ணை, "போன வருசம் ஒரு கடிதத்துக்குச் சீல் குத்திக் கேட்டவை, குத்திக் குடுத்தம்" என்றார். கூட்டாளி என்று நாங்கள் எழுதப்பட்டிருக்கிறோம். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அவருக்கும் சரியாகத் தெரியாது. எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. கோபப்படவும் முடியவில்லை, தோட்டம் நல்லதாயிற்றே.

புதிதாக வந்த குடும்பங்களுக்காக இந்தக் காசின் வழியைச் சற்று விளக்கமாகச் சொல்கிறோம். நாங்களே பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்டுப் படித்தோம். இத்தாலியில் தனிக் குடும்பமோ, நாலு பெற்றோரோ போய்த் தோட்டத்துக்குக் காசு கேட்க முடியாது. பதிவு செய்த அமைப்பு ஒன்று, தன் வரி இலக்கத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். 2021 நவம்பரில் இருந்து இத்தகைய அமைப்புகளுக்காக நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு இருக்கிறது. பணம் கொடுப்பவர்கள் பந்தோ எனப்படும் பகிரங்க அறிவித்தல் விடுவார்கள். அதில் நோக்கம், வயது, தொகை, கடைசித் திகதி எல்லாம் இருக்கும். வழமையாக ஒரு அமைப்பு தலைமை தாங்க, பள்ளிக்கூடம், வேறு சங்கங்கள், சிலவேளை மாநகரசபை என்று கூட்டாளிகள் சேர வேண்டும். வெளிநாட்டவர் சங்கம் ஒன்று கூட்டாக இருந்தால் விண்ணப்பம் பார்வைக்கு நன்றாக இருக்கும். எங்கள் சீலின் பெறுமதி அங்கேதான்.

பிள்ளைகளுக்கான பணத்தில் முக்கியமானது கல்வி வறுமையை எதிர்க்கும் நிதி. 2015 டிசெம்பரில் நிறைவேறிய நிதிச்சட்டத்தால் அது உருவானது. பழைய சேமிப்பு வங்கிகளில் இருந்து பிரிந்த அறநிதியங்கள் இதற்குப் பணம் போடும். போட்டதில் 75 வீதத்தை அரசு அவர்களுடைய வரியில் கழித்துவிடும். 2016, 2017, 2018 ஆகிய மூன்று வருடங்களுக்கும் வருடத்துக்கு 100 மில்லியன் யூரோ வரையில் அந்தக் கழிவு அனுமதிக்கப்பட்டது. பின்னர் வேறு வீதங்களில் நீடித்தார்கள். இதை நடத்துவதற்கென்றே 2016இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் கொன் இ பம்பீனி, பிள்ளைகளோடு என்று பொருள். அதே வருடம் ஒக்டோபரில் விட்ட முதல் இரண்டு அறிவித்தல்களில் 6 வயது வரையான குழந்தைகளுக்கு 69 மில்லியனும், 11 முதல் 17 வயது வரையானவர்களுக்கு 46 மில்லியனும் ஒதுக்கினார்கள். தெற்கு இத்தாலிக்கென்றே கொன் இல் சூத் என்ற அறநிதியம் 2006 முதல் இருக்கிறது. வால்தேசே எனப்படும் சிறிய புரட்டஸ்தாந்து சபையும் தனக்கு வரும் வரிப்பங்கைக் கோயில் செலவுக்கு எடுக்காமல் சமூக, பண்பாட்டு வேலைகளுக்கே கொடுக்கிறது.

வரிப்பங்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. தொழிற்சாலையில் வேலை செய்கிற நாங்கள் எல்லோரும் வருடா வருடம் 730 படிவம் நிரப்புகிறோம். தொழிற்சங்க அலுவலகத்தில் பிள்ளை ஒன்று நிரப்பித்தர, காட்டிய இடத்தில் ஒப்பமிட்டுவிட்டு வருகிறோம். அதில் ஆயிரத்துக்கு 8, ஆயிரத்துக்கு 5 என்று இரண்டு பெட்டிகள் உண்டு. முதலாவது, அரசுக்கா, எந்தச் சமயசபைக்கா என்பது. நீங்கள் ஒப்பமிடாவிட்டாலும் ஒப்பமிட்டவர்களின் விருப்பப்படி உங்கள் பங்கும் பிரிக்கப்படும். இரண்டாவது, 2006இல் தொடங்கியது. ஒரு அமைப்பின் வரி இலக்கத்தை எழுதி ஒப்பமிட்டால் உங்கள் வரியில் ஆயிரத்துக்கு 5 பங்கு அதற்குப் போகும். ஒப்பமிடாவிட்டால் அரசிடமே நிற்கும். உங்கள் கையில் இருந்து ஒரு சதம் கூடுதலாகப் போவதில்லை. நாங்கள் எட்டு வருடம் அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

தோட்டத்துக்குத் திரும்புவோம். 2024 ஜூன் 30ஆம் திகதியோடு திட்டம் முடிந்தது. முடிந்தது என்றால், அன்றைக்குப் பிறகு வாங்குகிற எந்தப் பற்றுச்சீட்டையும் பணம் தந்தவர்கள் ஏற்க மாட்டார்கள். தண்ணீர் இணைப்பு அந்த அமைப்பின் பெயரில், திட்டத்தின் கணக்கில் எடுத்தது. கணக்கை மூடியபோது குழாயையும் மூடினார்கள். சொல்லிக் கொடுத்த பெண்ணின் ஒப்பந்தமும் அன்றோடு சரி. அவர் அழுதுகொண்டுதான் போனார். சாவி கட்டடக்காரரிடம் போனது. அதில் யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு வருடக் கணக்கும் சதம் பிசகாமல் ஒப்படைக்கப்பட்டது என்று கேள்விப்பட்டோம். ஆனால் ஜூன் 30 என்பது சுரை காய்க்கத் தொடங்குகிற நேரம். காகிதத்தில் அந்தத் திகதியைப் போட்டவர்களில் ஒருவராவது சுரைக்கொடி வளர்த்திருந்தால் அப்படிப் போட்டிருக்க மாட்டார்.

அந்த வருடம் சிசிலியில் மழை பொய்த்த வருடம். வறட்சிக்காக அவசரநிலை அறிவித்திருந்தார்கள். ஒக்டோபரில் பலெர்மோவின் பல பகுதிகளுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். ஜூலையில் பிள்ளைகள் வெறும் போத்தல்களைப் பொறுக்கி, சதுக்கத்துக் குழாயில் நிரப்பி, பூட்டிய படலையால் ஏறிக் குதித்து ஊற்றினார்கள். எதிர்வீட்டுப் பெடியன்தான் முன்னுக்கு. ஒரு நாள் கட்டடத்துக்காரர் ஆளை விட்டுத் துரத்திவிட்டார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது, ஒரு பிள்ளை விழுந்து கையை முறித்தால் பொறுப்பு அவருடையது.

இங்குள்ள கிழவிகள் படியிறங்க மாட்டார்கள். பல்கணியில் இருந்து கயிற்றில் கூடையை இறக்கித் தெருவில் பாணும் பாலும் வாங்குவார்கள். நொன்னா அந்தக் கூடையை மதிலுக்குள் இறக்கத் தொடங்கினார். பாத்திரம் கழுவிய தண்ணீர், மரக்கறி கழுவிய தண்ணீர், போத்தலில் அடைத்து, மூடியில் ஓட்டை போட்டு, சுரைப் பெட்டிக்குள் கவிழ்த்து வைப்பார். அப்படி ஒரு பெட்டி மட்டும் பிழைத்தது. மற்ற ஐந்தும் ஓகஸ்ட் பாதிக்குள் வைக்கோலாகிவிட்டன. பலகை மட்டும் எல்லாச் சின்னங்களோடும் பளபளவென்று நின்றது.

செப்ரெம்பரில் பள்ளிக்கூடம் திறந்தபோது எதிர்வீட்டுப் பெடியன் போகவில்லை. தோட்டம் மூடியதால்தான் போகவில்லை என்று சொன்னால் அது பொய். அவன் முன்பே பாதி வெளியில் நின்றவன். ஆனால் அவனை ஒரு இடத்தில் நேரத்துக்கு வரவைத்த ஒரே காரியம் அது. இப்போது மோட்டார் சைக்கிள் திருத்துகிற இடத்தில் நிற்கிறான். எங்களைக் கண்டால் கிறீஸ் கையைத் தூக்கித் "தண்ணி கட்டு" என்பான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

அடுத்த வருடம் வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு தனிசின்னி பார்க்கப் போனோம். போர்கோவில் இருந்து நடந்தால் முக்கால் மணித்தியாலம். நோர்மன் அரண்மனையைத் தாண்டியதும் நகரம் சட்டென்று ஒரு பள்ளத்துக்குள் இறங்குகிறது. ஒரு காலத்தில் பாப்பிரேத்தோ ஆறு ஓடிய படுகை அது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆற்றை மூடிவிட்டார்கள், பள்ளம் மிஞ்சியது. போர்கோவைப் போலவே பெயர் கெட்ட, வறுமையான குடியிருப்பு. புனித ஆக்னேஸ் கோயிலுக்குப் பின்னால் போனால் நம்பவே முடியாது. கழுதைகள், ஆடுகள், கோழிகள், நீளமான மரக்கறிப் பாத்திகள், ஒரு சர்க்கஸ் கூடாரம். நகரத்தின் நடுவில் ஒரு பண்ணை. கப்புச்சின் சபைத் துறவி பிரா மவுரோ பில்லெத்தாவும் அங்குள்ள சனங்களும் சேர்ந்து தொடங்கியது. பலெர்மோ இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகராக இருந்த 2018இல், மாசிமோ அரங்கினர் அந்தப் பள்ளத்துக்கு இறங்கி வந்து குடியிருப்பாளரையும் சேர்த்துக்கொண்டு ஒரு இசைநாடகம் போட்டார்கள். மகனுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. கழுதையின் காதைத் தடவிக்கொண்டே நின்றான்.

நாங்கள் பார்த்தது வேறு ஒன்று. காலையில் படலை திறக்க ஒருவர், கழுதைக்குத் தீன் வைக்க ஒருவர், பாத்திக்குத் தண்ணீர் விட இரண்டு பெண்கள். எல்லோரும் அந்தப் பள்ளத்திலேயே குடியிருப்பவர்கள். கழுதைக்குத் திட்டம் முடிகிற திகதி தெரியாது, அது நாளைக்கும் தின்னும். எனவே யாராவது வந்தே ஆக வேண்டும். அங்கு ஆட்கள் முதலில், பலகை பிறகு. எங்கள் முற்றத்தில் பலகை முதலில் வந்தது. சுவிஸில் உள்ள உறவுகளுக்கு இது புதிதல்ல. ஹெக்ஸ் எனப்படும் திருச்சபை உதவி நிறுவனம் அங்கு அகதிக் குடும்பங்களுக்குத் தோட்டத் துண்டுகள் ஒழுங்கு செய்து கொடுக்கிறது. அங்கிருந்து வந்த எங்கள் சித்தி கேட்ட முதல் கேள்வியே, "தண்ணி ஆற்ற பேரில?" என்பதுதான்.

அந்தக் கேள்வியைத்தான் இந்த முறை நாங்கள் சங்கத்துக்குக் கொண்டுபோனோம். ஏனென்றால் திரும்பவும் ஒரு அறிவித்தல் வந்திருக்கிறது, திரும்பவும் எங்கள் சீலைக் கேட்டிருக்கிறார்கள். இது வேறொரு அமைப்பு. இடம் இந்த முறை ஒரு பள்ளிக்கூடத்துப் பின்முற்றம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்தபின் கூட்டம். அதில் இரண்டு பக்கமாக நின்றார்கள். சீல் குத்தினால் எங்களுக்கு என்ன நட்டம், பிள்ளைகளுக்கு இரண்டு வருடமாவது கிடைக்கட்டும் என்றார் ஒரு ஐயா. எங்கள் பெயரை விற்றுக் காசு எடுக்கிறார்கள், குத்தவே கூடாது என்றார் செயலாளர் தம்பி. தமிழ் ரீச்சர் மட்டும், கடிதத்தை முதலில் ஆராவது வாசிச்சனீங்களோ என்று கேட்டார். ஒருவரும் வாசித்திருக்கவில்லை.

பிறகு எல்லோருமாக இருந்து வாசித்தோம். எங்கள் மகன்தான் சட்ட இத்தாலியை மொழிபெயர்த்தான். பல்கலைக்கழகம் போகிற ஒரு தங்கச்சி திருத்தினார். பலெர்மோவில் செஸ்வொப் என்று தொண்டர் சேவை நிலையம் ஒன்று இருக்கிறது. சிறிய சங்கங்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். அங்கும் கொண்டுபோய்க் காட்டினோம். கூட்டாளிக் கடிதம் என்பது வெறும் வாழ்த்து அல்ல, நாங்கள் என்ன செய்வோம், எங்களுக்கு என்ன வரும் என்று எழுதக்கூடிய இடம் என்று அங்குதான் விளங்கியது. வெறும் சீலாக நின்றது எங்கள் அறியாமையும்தான்.

சீல் குத்துவது என்றே முடிவானது. ஆனால் நான்கு வரி சேர்த்தோம். தண்ணீர் இணைப்பு பள்ளிக்கூடத்தின் பெயரில் இருக்க வேண்டும், திட்டத்தின் பெயரில் அல்ல. முடிவுத் திகதி ஜூனில் வராமல், கோடைப் பயிர் ஓய்ந்தபின் ஒக்டோபர் கடைசியில் வர வேண்டும். ஓகஸ்டில் பள்ளிக்கூடம் மூடியிருக்கும்போது படலைச் சாவி தெருவில் உள்ள இரண்டு குடும்பங்களிடம் எழுத்து மூலம் கொடுக்கப்பட வேண்டும். சொல்லிக் கொடுக்கிறவரோடு சேர்ந்து நிற்க எங்கள் சங்கத்தில் இருந்து ஒருவருக்கு, சிறிய தொகையானாலும், சம்பளச் சிட்டையோடு வேலை தர வேண்டும். கடைசி வரியை எழுதும்போது ஐயாவுக்குக் கூச்சம். "காசு கேட்கிறது வடிவில்லைத் தம்பி" என்றார். நெத்தலிக்கு முள் எடுத்தால் மணித்தியாலக் கணக்கில் தருகிறார்கள், பிள்ளைகளுக்குப் பயிர் காட்டுவது அதைவிடக் குறைந்த வேலையா என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டுச் சீலை எடுத்துத் தந்தார்.

தலைமை அமைப்பில் இருந்து பதில் வந்திருக்கிறது. தண்ணீருக்கும் திகதிக்கும் சம்மதம். சம்பளத்தைப் பாதியாக்கி, ஒரு வருடத்துக்கு மட்டும் என்றிருக்கிறார்கள். ஓகஸ்ட் மாதச் சாவியைப் பற்றிப் பள்ளிக்கூட அதிபரிடம் கேட்க வேண்டுமாம். நொன்னாவும் நாங்களும் எங்கள் பெயர்களைக் கொடுத்திருக்கிறோம். நொன்னாவுக்கு 84 வயது, படியிறங்க மாட்டார். ஆனாலும் தன் பெயரைப் போடாவிட்டால் விதை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பிழைத்த அந்தக் கொடியில் இருந்து ஒரு காயை முற்றவிட்டு எடுத்த விதைகள் கோப்பிப் பேணியில் இருக்கின்றன. மகன் எண்ணிப் பார்த்து 43 என்றான். இங்கு சுரை நடுவது ஏப்பிரலில். அதிபரின் பதில் மார்ச் முடிவதற்குள் வர வேண்டும்.